சீர்தூக்கலும் வேண்டுமென்றலும்: ஓர் ஆங்கிலச் சொல் பற்றிச் சில சிந்தனைகள்

ஆங்கிலத்தில் ‘டெலிபரேற்’ என்றொரு சொல் உண்டு. அதனை வினைச்சொல்லாக ஆளும்போது ஈற்றசையை நீட்டி ‘டெலிபரேற்’ என்பர். பெயரடையாக ஆளும்போது அதனைக் குறுக்கி ‘டெலிபரெற்’ என்பர். எழுத்தில் இரண்டும் ஒன்றே. வினையாக நிற்கையில், ஒரு விடயத்தைத் தீர ஆராய்தல், அதன் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்தல் என்பது பொருள். சட்டமன்றத்தார் அதனைச் செய்வர். வழக்கினைக் கேட்ட யூரிமார் தனியறைக்குச் சென்று அதனைச் செய்வர். பெயரடையாக நிற்கையிற் பொருள் வேறாகிவிடுகின்றது. அப்போது அது ஒரு பொய்யையோ, அவமதிப்பையோ, கொலையையோ தழுவிநின்று, செய்தவன் அதனை வேண்டுமென்றே செய்தான் என்பதனை உணர்த்துகின்றது. மூன்றாவதாகவும் ஒரு பொருள் உண்டு. முதியவர் ஒருவர் படிக்கட்டில் ஒவ்வோர் அடியாக ஊன்றி இறங்குவதையும், பேச்சாளர் ஒருவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவதையும் இதே சொல்லாற் குறிப்பர். ஆராய்ச்சி, உள்நோக்கம், நிதானம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் வந்து குடியேறியமை எவ்வாறு என்பதும், பிறரைக் குற்றஞ்சாட்டும் வேளையிலும் நம்மை நாமே மன்னித்துக்கொள்ளும் வேளையிலும் அச்சொல் நம்மை எங்கே வழிதவறச் செய்கின்றது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

இச்சொல்லோடு எனக்கேற்பட்ட முதற் பிணக்கு அகராதியைப் புரட்டியபோது ஏற்பட்டதன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர், பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்படுவதற்கும் முற்பட்ட காலத்தில், பல்கலைக்கழகமொன்றிலே நடைபெற்ற ஒழுக்காற்று விசாரணையொன்றின் பதிவுகளை மொழிபெயர்க்கும் பணி, அப்போது உதவி விரிவுரையாளனாயிருந்த என்னிடம் தரப்பட்டது. சம்பவம் சிறியது. அடியில்லை, காயமில்லை. மூத்த மாணவன் ஒருவன், புதுமுக மாணவன் ஒருவனுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதத்தை அவனுடைய கையிலிருந்து வாங்கி, விடுதியின் பொதுமண்டபத்தில் கதிரையொன்றின்மேல் ஏறிநின்று உரத்து வாசித்தான். கடிதத்தை எழுதியவர் அப்புதுமுக மாணவனின் தாயார். அதிகம் படித்தவரல்லர். ‘ழ’கரம் வரவேண்டிய இடங்களில் ‘ல’கரம் வந்திருந்தது, சில சொற்கள் பேச்சுவழக்கில் எப்படியோ அப்படியே எழுதப்பட்டிருந்தன. வாசித்தவன் அவ்விடங்களிலெல்லாம் சற்று நிறுத்தி, அச்சொல்லை இருமுறை உச்சரித்தான். மண்டபம் சிரித்தது. ஈடுவைத்த காப்பொன்றைப் பற்றிய செய்தியும் கடிதத்திலே இருந்தது. அதுவும் வாசிக்கப்பட்டது. புதுமுக மாணவன் மறுநாட் காலையில் ஊருக்குப் புறப்பட்டுவிட்டான்.

குற்றப்பத்திரிகை ஆங்கிலத்தில் வரையப்பட்டிருந்தது. அதிலே அவமானப்படுத்தல் என்பதற்கு முன்னர் நாம் எடுத்துக்கொண்ட சொல் அடைமொழியாக நின்றது. அலுவலக வழக்கப்படி அது ‘வேண்டுமென்றே’ எனத் தமிழாக்கப்பட்டு மாணவனுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவன் தந்த விடையை நானே எழுதிக்கொண்டேன். “நான் வேண்டுமென்று அவனை அவமானப்படுத்தயில்லை, சேர். பகிடிக்குத்தான் வாசிச்சனான். எல்லாரும் சிரிக்கவேணும் எண்டதுதான் என்ர எண்ணம்.” அவன் பொய் சொல்கின்றான் என்று எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. எனினும் அவன் குற்றமற்றவன் என்றும் தோன்றவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடுமா என்பதே வினா.

முதலிற் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். இதன் வேர் இலத்தீன் மொழியில் துலாக்கோலைக் குறிக்கும் ‘லிப்ரா’ என்பது. இராசிமண்டலத்தில் துலாமுக்கு வழங்கும் பெயரும் அதுவே. ஆகவே இலத்தீன் வினை ‘நன்கு நிறுத்துப் பார்’ என்னும் உருவகத்தைத் தாங்கிப் பிறந்தது. அதன் வழிவந்த பெயர்ச்சொல் 14ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. 1651இல் வெளிவந்த ‘லெவியதன்’ என்னும் நூலில் தோமஸ் ஹொப்ஸ் வேறொரு விளக்கம் தருகின்றார். ஒன்றைச் செய்யவோ செய்யாது விடவோ நமக்கிருந்த சுதந்திரத்துக்கு முடிவு கட்டுவதனாலேயே அதற்கு அப்பெயர் வந்தது என்பார் அவர். ‘லிபேற்றி’ என்னும் சொல்லோடு ஓசையால் ஒத்திருப்பதைக் கொண்டு செய்யப்பட்ட இவ்விளக்கம் சொல்லாராய்ச்சியின்படி பிழையானது. ஆயினும் பிழையான சொல்லாராய்ச்சி சிலவேளைகளில் நல்ல மெய்யியலாகிவிடுகின்றது. துலாக்கோலின் முள் அசைந்துகொண்டிருக்கும்வரை மனிதன் இருபுறமும் திறந்திருக்கின்றான். அது நின்றவுடன் ஒரு கதவு மூடப்படுகின்றது. விருப்பும் வெறுப்பும் மாறிமாறித் தோன்றும் அவ்வசைவின் இறுதியில் எஞ்சிநிற்கும் விருப்பமே சித்தம் எனப்படுவது என்றும், அவ்வகையில் விலங்குகளும் ஆராய்ந்து செயற்படுவனவே என்றும் ஹொப்ஸ் துணிந்து கூறினார். இப்பின்னைய கூற்றினை ஏற்பவர் சிலரே.

ஹொப்ஸின் விளக்கத்தினால் ஓருண்மை தெளிவாகின்றது. ஆராய்ச்சியின் முடிவே துணிவு. ஆதலின் ஆராயும் செயலுக்கு வழங்கிய சொல், ஆராய்ந்து துணிந்த செயலுக்கும் அடைமொழியாயிற்று. நிறுப்பவன் அவசரப்படான், ஆதலின் நிதானமான அசைவுக்கும் அச்சொல்லே ஆகிவந்தது. இதுவரை விபரீதம் எதுவுமில்லை. ஆனால் வழக்கிலே ஒரு சாய்வு நேர்ந்துவிட்டது. ஒருவன் டெலிபரெற்றாகப் பொய் சொன்னான் என்பர், தீவைத்தான் என்பர், புறக்கணித்தான் என்பர். டெலிபரெற்றாக உதவி செய்தான் என்று எவரும் இயல்பாகக் கூறுவதில்லை; கூறினால், அவ்வுதவியின் பின்னே ஏதோ இருக்கின்றதென்று கேட்பவர் ஐயுறுவர். ஆராய்ந்து செய்யப்படும் நற்செயல்கள் உலகில் எத்தனையோ உள. அவற்றுக்கு வழங்காத சொல், தீச்செயல்களுக்கு மாத்திரம் வழங்குகின்றது. சிந்தனைக்குரிய சொல்லைக் குற்றத்துக்கு உரியதாக்கிக்கொண்டது ஆங்கிலம்.

இதைக்கண்டு தமிழர் பெருமிதங்கொள்ள இடமில்லை. வள்ளுவர் காலத்துச் ‘சூழ்ச்சி’ இன்று என்னவாயிற்று? வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் ஆராய்ச்சியின் எல்லை துணிவு பெறுதல் என்று கூறவந்த வள்ளுவர், ஆராய்ச்சிக்கு ஆளும் சொல் அதுவே. அரசனுக்குக் கண்ணாக நின்று ஆராய்ந்து கூறும் அமைச்சர் அவருக்குச் ‘சூழ்வார்’. இன்றோ சூழ்ச்சி என்றவுடன் நமக்குத் தோன்றுவது சதி; சூழ்ச்சிக்காரன் என்றால் வஞ்சகன். வட்டமாக இருந்து பலர் ஆராய்வதைக் கண்ட மக்கள், தமக்கெதிராகவே ஆராய்கின்றனர் என்று கருதிய அனுபவம் இதற்குள் உறைந்திருக்கலாம். அது என் ஊகம்.

ஆயினும் வள்ளுவர் அச்சொல்லைக் கையாண்ட முறையிலே கவனிக்கவேண்டிய நுட்பமொன்று உண்டு. தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில் பிறனுக்குக் கேடு எண்ணுவதை விலக்கும் இடத்தும் இவ்வினையையே அவர் ஆள்கின்றார். அவ்வாறு எண்ணியவனுக்கு அறம் கேடு எண்ணும் என்ற இடத்தும் இதனையே ஆள்கின்றார். தீயவனும் சூழ்கின்றான், அறமும் சூழ்கின்றது. ஆகவே சூழ்தல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதைவிட வியப்பானது, அவ்விடத்தில் அவர் பெய்துள்ள ‘மறந்தும்’ என்னும் சொல். ஆராய்தல் என்பது விழிப்புடன் செய்யப்படுவது. மறதியோ விழிப்பின் இன்மை. மறந்துபோய் ஒருவன் எவ்வாறு ஆராய்தல் கூடும்? முரண்போலத் தோன்றும் இவ்விடத்தில் உளவியல் உண்மையொன்று இருக்கின்றதென்றே நான் கருதுகின்றேன். தான் நிறுத்துக்கொண்டிருக்கின்றோம் என்பதை அறியாமலே மனிதன் நிறுக்கின்றான். தட்டில் எதை வைத்தான், எதை வைக்காது விட்டான் என்பதைப் பின்னர் கேட்டால் அவனுக்கே தெரியாது. எனினும் முள் ஒருபுறம் சாய்ந்துவிட்டது. கையும் அதன்வழி சென்றுவிட்டது.

தமிழில் இன்று குற்றச்சாட்டைச் சுமக்கும் ‘வேண்டுமென்றே’ என்னும் சொல்லை நோக்குக. அதன் வேர் வேண்டுதல், அஃதாவது விரும்புதல். சிந்தனையில் வைத்த பொறுப்பை ஆங்கிலம் பெயரடையாக்கியது. தமிழோ பொறுப்பை விருப்பத்திலே வைத்தது. இதனால் நேரும் விளைவு பெரிது. ‘வேண்டுமென்றே செய்தாய்’ என்று குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் நெஞ்சைத் தொட்டு, அவ்விளைவை நான் விரும்பினேனா என்று கேட்டுக்கொள்கின்றான். இல்லை என்ற விடை வந்ததும் குற்றத்தினின்றும் நீங்கியவனாகின்றான். நம் மாணவன் செய்ததும் அதுதான்.

இவ்விடத்தில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து மெய்யியலாளராகிய ஜே. எல். ஒஸ்ரினின் துணையை நாடலாம். அவர் 1960இற் காலமானார்; மை கொட்டுவதற்கு மூன்று வழிகள் உள்ளன என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்ட அவருடைய கட்டுரை 1966இல் அச்சேறியது. வகுப்பறையிலே மையைக் கொட்டிவிட்ட பிள்ளையிடம், உள்நோக்கத்தோடு செய்தாயா, டெலிபரெற்றாகச் செய்தாயா, ஒரு பயன் கருதிச் செய்தாயா என்று கேட்கும் மூன்று வினாக்களும் ஒன்றே என நாம் கருதுகின்றோம். அவை ஒன்றல்ல என்பதை நிறுவ அவர் கூறும் உதாரணம், நம்போன்ற நாடுகளில் வாழ்வோருக்குச் சற்று உறைப்பாகவே இருக்கும். இந்தியாவிற் கலகமொன்றை அடக்குவதற்கு ஆங்கில அதிகாரியொருவர் விரைந்து அழைக்கப்படுகின்றார். ஐந்து மைலுக்கு அப்பாலுள்ள இடத்திலே செய்யவேண்டியவற்றிலேயே அவருடைய எண்ணம் முழுவதும் இருக்கின்றது. வண்டியை வீட்டுவாயிலால் ஓட்டிச்செல்லும்போது, சமையற்காரனுடைய பிள்ளையின் புத்தம்புதிய விளையாட்டு வண்டி, அப்பிள்ளைக்குக் கண்ணினும் இனியது, பாதையின் குறுக்கே கிடக்கின்றது. இறங்கி அதனை எடுத்து அப்பால் வைக்கலாம் என்று அவருக்குத் தெரிகின்றது. நேரமில்லை என்று அதன்மேலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றார்.

இவர் அவ்விளையாட்டு வண்டியை நொருக்கக் கருதினாரா? இல்லை. கலகத்தை அடக்குவதே அவருடைய கருத்து. வண்டி அக்கருத்தின் பகுதியன்று. அது வழியில் இல்லாதிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். ஆயினும் அதை டெலிபரெற்றாகவே நொருக்கினார் என்று சொல்லத்தான் வேண்டும் என்கின்றார் ஒஸ்ரின். கணப்பொழுதாயினும் இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தார். பிள்ளையின் வண்டி இலேசாயிருந்தது. உள்நோக்கமின்றியே நிறுத்துச் செய்யப்படும் செயல் உண்டு என்பது இதனாற் பெறப்படுகின்றது. அப்பிள்ளை சமையற்காரனுடையதாயன்றி மேலதிகாரியுடையதாக இருந்திருப்பின், அவ்வளவு விரைவாக முள் சாய்ந்திருக்குமா என்னும் வினாவை ஒஸ்ரின் எழுப்பவில்லை. அவருடைய ஆராய்ச்சிக்கு அது தேவைப்படவில்லை போலும். நமக்குத் தேவைப்படுகின்றது, ஏனெனில் தட்டில் வைக்கப்படும் பொருளுக்கு எடையிடுபவனும் நிறுப்பவனே.

ஒஸ்ரின் நீண்ட விளக்கத்தினாற் காட்டும் இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பேச்சுவழக்கு ஒரே மூச்சிற் காட்டிவிடும். ‘அவர் வேண்டுமென்று ஏற்றவில்லை, தெரிந்துகொண்டே ஏற்றினார்.’ தெரிந்துகொண்டே என்னும் இச்சொல்லின் பின்னணியும் அறியத்தக்கது. இன்று தெரிதல் என்பது அறிதல். பழந்தமிழில் அது ஆராய்தலும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தலுமாம். திருக்குறளின் 47ஆம் அதிகாரம் ‘தெரிந்து செயல்வகை’ எனப் பெயர்பெற்றமை அப்பொருளிலேயே. ஈழத்துத் தமிழில் அப்பழம்பொருள் இன்னும் அழியவில்லை: பாராளுமன்றத்தில் தெரிவுக்குழு இருக்கின்றது, பல்கலைக்கழக அனுமதிக்கு மாணவர் தெரிவு நடைபெறுகின்றது. ஆகவே ‘தெரிந்துகொண்டே செய்தான்’ என்று நாம் சொல்லும்போது, அறிந்து செய்தான் என்பதோடு, வேறொன்றைச் செய்ய வழியிருக்க இதனைத் தேர்ந்தான் என்பதும் உள்ளுறையாக நிற்கின்றது. கட்டுரையின் தொடக்கத்திலே நாம் எடுத்துக்கொண்ட ஆங்கிலப் பெயரடைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை என்பது என் துணிபு.

அரிஸ்ரோட்டில் இதனை முன்னரே வகுத்துவைத்தார். நிக்கோமாக்கஸ் அறவியலின் மூன்றாம் நூலில், எவற்றைப் பற்றி ஒருவன் ஆராய்வான் என்று அவர் வினவுகின்றார். மாறாதனவற்றைப் பற்றி ஆராயான். தற்செயலாக நிகழ்வனவற்றைப் பற்றி ஆராயான். தன்னால் ஆகாதவற்றைப் பற்றியும் ஆராயான். சிதியர் தம் நாட்டை எவ்வாறு ஆளவேண்டும் என்று ஸ்பார்ட்டாவில் எவரும் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. நம்மாற் செய்யக்கூடியதும், இப்படியோ அப்படியோ முடியக்கூடியதுமே ஆராய்ச்சிக்குரியது. அவ்வாராய்ச்சியின் வழிவந்த விருப்பமே தெரிவு. இலக்குகளைப் பற்றியன்றி அவற்றை அடையும் வழிகளைப் பற்றியே ஆராய்கின்றோம் என்றும் அவர் கூறினார். நோயைத் தீர்ப்பதா வேண்டாமா என்று வைத்தியன் ஆராய்வதில்லை. இக்கூற்று உரையாசிரியர்களிடையே நெடுங்காலமாக விவாதத்துக்குரியது. ஆறாம் நூலிலே அவர் மற்றொன்றும் சேர்த்தார். தீய இலக்குடையவனும் தன் இலக்கை அடையும் வழியைத் திறம்பட ஆராய்தல் கூடும். அவன் பெறுவது பெருந்தீங்கே. ஆதலின் நல்லாராய்ச்சி எனப்படுவதற்கு நுணுக்கம் மாத்திரம் போதாது. ஆராய்வது மெதுவாகவும், ஆராய்ந்து கண்டதைச் செய்வது விரைவாகவும் இருக்கவேண்டும் என்று மக்கள் கூறுவதாகவும் அவர் அங்கே குறிப்பிடுகின்றார். துணிந்த பின்னர்த் தாமதித்தலைத் தீது என்ற வள்ளுவரோடு இது ஒத்திருப்பது, ஒருவரை ஒருவர் அறியாத இரு நிலத்தாரின் பட்டறிவு ஓரிடத்திற் சந்திப்பதாகும். கடன்வாங்கல் என்று மயங்கவேண்டியதில்லை.

சட்டத்தின் பக்கம் திரும்பினால் இச்சொல்லின் சாய்வு உயிர் பறிக்கும் அளவுக்குச் சென்றமை தெரியவரும். 1794இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் கொலைக்குற்றத்தை இரு தரங்களாகப் பிரித்தது. மனமறிந்ததும், நிறுத்துப் பார்த்ததும், முன்கூட்டி எண்ணியதுமான கொலை முதற்றரமாயிற்று. மரணதண்டனை அதற்கே உரியதாயிற்று. தூக்குமேடைக்குச் செல்வோரின் தொகையைக் குறைக்கவே இப்பிரிவு செய்யப்பட்டது. ஆனால் எவ்வளவு நேரம் எண்ணினால் அது எண்ணியதாகும்? தீயவன் கொலைக்கருத்தை உருவாக்கிக்கொள்வதற்கு எந்த நேரமும் குறுகியதன்று என்று அம்மாநிலத்து நீதிமன்றம் 1868இல் உரைத்தது. அவ்வாறாயின் தரப்பிரிவுக்கே பொருளில்லை. 1928இல், அப்போது நியூயோர்க் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதியரசராயிருந்த பெஞ்சமின் கார்டோசோ, மருத்துவர்களின் சபையொன்றில் உரையாற்றியபோது, யூரிமாருக்கு விளங்காத இம்மயக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1962இல் அமெரிக்கச் சட்ட நிறுவகம் வெளியிட்ட மாதிரித் தண்டனைக் கோவை, அந்த அளவுகோலையே கைவிட்டது. முன்யோசனை சிலவேளைகளில் கொடுமையின் அடையாளமாகாது, வேதனைப்படும் மனச்சாட்சியின் தத்தளிப்பின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது அக்கோவையை வகுத்தோரின் எண்ணம்.

இதற்கு மறுதலையான உண்மையை ஆங்கில நீதியரசர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1883இலேயே காட்டினார். அவர் நமக்கு அந்நியரல்லர். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச்சட்டம், அவர் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தைத் தழுவியது. அவர் தந்த உதாரணம் இது: பாலமொன்றின்மேற் சிறுவன் ஒருவன் அமர்ந்திருக்கின்றான், கீழே ஆழமான ஆறு. வழியே செல்பவன் ஒருவன் அவனைக் காண்கின்றான். எவ்விதக் காரணமுமின்றி வெறும் குரூரத்தினால் தள்ளிவிடுகின்றான். சிறுவன் மூழ்கி இறக்கின்றான். இதில் முன்யோசனை எங்கே, நிறுத்துப் பார்த்தல் எங்கே? ஒன்றுமில்லை. எனினும் பல மாதம் பகைகொண்டு, இரவெல்லாம் உறக்கமின்றி உழன்று கொன்றவனைவிட இவன் நல்லவன் என்று எவர் சொல்வார்? துலாக்கோலையே கையில் எடுக்காமை இவனுடைய குற்றத்தைக் குறைக்கவில்லை. ஒருவனுடைய உயிருக்கு எடையிடவேண்டும் என்ற நினைவுகூடத் தோன்றாதிருந்தமையே அக்குற்றத்தின் முழுவடிவம்.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையும் அதே 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கடுமையானதும் சடுதியானதுமான ஆத்திரமூட்டலால் தன்வசமிழந்து செய்யப்படும் ஆட்கொலையையும், முன்யோசனையின்றிச் சடுதியில் எழுந்த சண்டையில் நிகழும் ஆட்கொலையையும் அது கொலைக்குற்றத்தினின்றும் வேறுபடுத்துகின்றது. மனித இயல்புக்கு இரங்கிய ஏற்பாடே இது. ஆனால் இரக்கம் எவருக்குக் கிடைக்கின்றது என்று நோக்குதல் வேண்டும். உடல்வலி உடையவனே சடுதியில் ஆத்திரங்கொள்ள வல்லவன். அவன் கை உடனே எழும். வலியற்றவர் காத்திருக்கவேண்டியவராகின்றனர். இங்கிலாந்திலே கணவனால் பத்தாண்டுகள் துன்புறுத்தப்பட்ட கிரஞ்ஜித் அலுவாலியா என்னும் பஞ்சாபிப் பெண், 1989இல், அவன் உறங்கும்போது தீமூட்டினாள். அவன் இறந்தான். அவளுடைய காத்திருப்பு அவளுக்கு எதிரான சான்றாயிற்று. கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பாகி ஆயுட்சிறை பெற்றாள். 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. நீக்கியதற்குரிய காரணம் ஆத்திரமூட்டல் அன்று, அவளுடைய உளநிலை பற்றி முதல் விசாரணையில் முன்வைக்கப்படாத சான்று. எனினும் காலத்தாழ்வு ஒன்றினாலேயே ஆத்திரமூட்டல் என்னும் எதிர்வாதம் அற்றுப்போகாது என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் பழைய எதிர்வாதத்தை ஒழித்து, தன்வசமிழத்தல் சடுதியாக நிகழவேண்டியதில்லை என வகுத்தது. நிதானமாக நடந்த செயல் என்பதும், நிறுத்துப் பார்த்து நடந்த செயல் என்பதும், வேண்டுமென்றே நடந்த செயல் என்பதும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருந்தமையால் விளைந்த அநீதிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காலம் கடந்தது என்பதிலிருந்து சிந்தித்தாள் என்றும், சிந்தித்தாள் என்பதிலிருந்து கொடியவள் என்றும் நழுவிச் செல்வதற்குச் சொல்லே வழுக்குப்பாறையாயிற்று.

சிந்தித்தல் குற்றத்தைக் கூட்டுவதுமில்லை, சிந்தியாமை அதனைக் குறைப்பதுமில்லை என்றால், பொறுப்பை எதிற் காண்பது? தட்டில் வைத்த பொருள்களிலும் அவற்றுக்கு இட்ட எடையிலுமே காணவேண்டும் என்பது என் கருத்து. நடுவுநிலைமையைக் கூறவந்த வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கியதும், தமிழில் ஆராய்தலுக்குச் ‘சீர்தூக்கல்’ என்று பெயருண்மையும் இலத்தீன் உருவகத்தோடு அப்படியே பொருந்துவன. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்த சாய்வு சீர்தூக்கலுக்கு நேரவில்லை. ‘சீர்தூக்கிப் பொய் சொன்னான்’ என்று எவரும் சொல்வதில்லை. ஒருவேளை அதற்கு ஒரு காரணம், சீர்தூக்கலில் தட்டுகள் இரண்டும் கண்முன்னே நிற்பதாக இருக்கலாம்.

இப்போது விடுதி மண்டபத்துக்கு மீள்வோம். அம்மாணவன் சிரிப்பை விரும்பினான், அவமானத்தை விரும்பவில்லை. கலகத்தை நோக்கிச் சென்ற அதிகாரியைப் போன்றே அவனும் இருந்தான். அவமானம் அவன் வழியிற் கிடந்த விளையாட்டு வண்டி. ஆனால் விசாரணையில் அவனிடம் கேட்கப்பட்ட மற்றொரு வினாவும் பதிவாகியிருக்கின்றது. வாசிக்கும்போது புதுமுக மாணவனின் முகத்தைப் பார்த்தாயா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். பார்த்தேன் என்றான். பார்த்த பிறகும் ஏன் வாசித்தாய் என்றார். “இடையில விட்டா எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பினம் எண்டு நினைச்சன்” என்றான். இவ்விடையே துலாக்கோல். ஒரு தட்டிலே மண்டபத்தின் முன்னால் அவனுக்கு வரக்கூடிய சிறு கூச்சம். மறுதட்டிலே தாயின் கையெழுத்தும் மகனின் முகமும். அவன் நிறுத்தான்; கணப்பொழுதில் நிறுத்தான்; பின்னதை இலேசாகக் கண்டான். பிழையான சொல்லில் நிறுத்தி இருமுறை உச்சரித்த அந்நிதானத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஆங்கிலச் சொல்லின் மூன்று பொருள்களில் இரண்டு அவனுக்கு முற்றும் பொருந்தின. ‘வேண்டுமென்றே’ என்னும் தமிழ்ச் சொல் சுமந்துவந்த பொருளை மாத்திரமே அவன் மறுத்தான். அவன் மறுத்தது சரி. குற்றப்பத்திரிகையின் தமிழே பிழை.

பகிடிவதை என்னும் சொல்லிலேயே இந்த எதிர்வாதம் முன்கூட்டி இடம்பெற்றிருப்பதையும் நோக்குக. வதை என்பது பட்டவனுடைய சொல். பகிடி என்பது செய்தவனுடைய சொல். இரண்டையும் ஒட்டி நாம் ஒரு பெயராக்கிக்கொண்டோம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இப்பொறியிற் சிக்கவில்லை என்பது அச்சட்டத்தை வரைந்தோருக்குரிய சிறப்பு. உடலுக்கோ உளத்துக்கோ ஊறு, மனவேதனை, அச்சம் ஆகியவற்றை விளைவிக்கின்ற, அல்லது விளைவிக்கக்கூடிய எச்செயலும் பகிடிவதையே என அது வரைவிலக்கணம் கூறுகின்றது. செய்தவன் எதை விரும்பினான் என்று அவ்வரைவிலக்கணம் வினவவில்லை. விளைவிக்கக்கூடிய என்ற சொற்றொடரினால், நீ எதைத் தட்டில் வைத்திருக்கவேண்டும் என்பதை அது முன்னதாகவே அறிவித்துவிடுகின்றது. சட்டமொன்று நல்ல மெய்யியலாக அமைவது அடிக்கடி நிகழ்வதன்று. நடைமுறையில் அது எவ்வளவுக்குப் பயன்பட்டது என்பது வேறு கதை.

என் மொழிபெயர்ப்பில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தீர்மானத்தின் அப்பெயரடையை ‘தெரிந்துகொண்டே’ என்று எழுதினேன். தலைவர் அதனை வெட்டி, வழமைப்படி ‘வேண்டுமென்றே’ என்று பச்சை மையால் எழுதினார். அவரைக் குறைகூற இயலாது. அலுவலகத் தமிழுக்கு அதுவே பழக்கம். மாணவன் மேன்முறையீடு செய்தான். தான் அவமானப்படுத்த விரும்பியதற்குச் சான்றில்லை என்பது அவனுடைய வாதம். உண்மையில் இல்லைதான். தண்டனை எச்சரிக்கையாகக் குறைக்கப்பட்டது. புதுமுக மாணவன் திரும்பிவரவில்லை. அவனுடைய இடம் அடுத்த ஆண்டில் வேறொருவருக்கு வழங்கப்பட்டது.

விசாரணைக் குழு இம்முடிவுகளை எடுப்பதற்கு ஐந்து அமர்வுகள் கூடியது. அக்கூட்டக் குறிப்புகளிலும் நம் ஆங்கிலச் சொல், இம்முறை வினையாக, பலமுறை வருகின்றது. தாயாரின் கடிதம் சான்றாக இலக்கமிடப்பட்டு, துளையிடப்பட்டு, கோப்பில் இணைக்கப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்புக்காக நானும் அதனை இருமுறை வாசித்தேன். அதனைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று குழுவில் எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.